கணக்குப் புஸ்தகத்துக்குள் ஒரு வாட்ச்

6-6-1974
இன்றைக்கு வில்லியனூர் கடைத்தெருவிலேயே பெரிய முட்டாள் நான்தான். ரிசல்ட் பேப்பர் பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து சேருவதற்குள் ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாயைக் கொடுத்து முடித்துவிட்டேன். "எம் பொண்ணு விஜி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்" என்று கூவல் வேறு. பஸ் வந்தது. பேப்பர் வந்தது. விஜயகுமாரியின் நம்பர் மட்டும் வரவில்லை.

பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர் ஹமீது பாய் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இன்னா பலராமா, துப்பிடட்டுமா?" என்றார். என் வாடகை சைக்கிள் கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

9-6
கணக்கில் போயிருக்கிறது. விஜி எல்லாப் புஸ்தகத்தையும் பரண்மேல் வீசிவிட்டாள். "எடைக்குப் போட்டுடுங்கப்பா. இனிமே அது மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பாஸானதும் தரலாம் என்று முன்கூட்டியே வாங்கிய லேடீஸ் வாட்ச் கடையில், பால்ரஸ் குண்டுகள் போடும் டப்பாவுக்குள் கிடக்கிறது. பெயிலானதற்கு வாட்ச் கொடுத்தால் ஊர் சிரிக்கும். தினம் எடுத்துச் சாவி மட்டும் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

30-6
விஜியைத் தையல் கிளாஸில் சேர்த்துவிடலாம் என்கிறாள் என் வீட்டுக்காரி ருக்குமணி. சரி என்றேன்.

7-7
அருமையான ஒன்று மாட்டியது!

பிரான்சிலிருந்து லீவில் வந்திருக்கும் பட்டாளத்துக்காரர் ஒருவர் பஞ்சர் ஒட்ட வந்தார். கக்கத்தில் தடிப் புஸ்தகம். படித்த மனுஷன் என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து புஸ்தகத்தைத் திறந்து உள்ளேயிருந்து சிகரெட் எடுக்கிறார்! வெளியே பார்த்தால் புஸ்தகம், உள்ளே பள்ளம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "டியூபைப் பாருய்யா" என்று அவர் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

ஊருக்குத் தெரியாமல் வாட்ச் கொடுக்க இதைவிட வழி உண்டா? கையில் புஸ்தகம் கொடுப்பேன். மூஞ்சியைச் சுளிப்பாள். திறப்பாள். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

8-7
எந்தப் புஸ்தகம்? யோசிக்கவே இல்லை. பரண்மேல் ஏறி அந்தக் கணக்குப் புஸ்தகத்தையே எடுத்துவந்தேன். என் பெண்ணை அழவைத்ததல்லவா, அதன் வயிற்றைக் கிழித்தால்தான் எனக்கு ஆறும்.

"சரஸ்வதிங்க அது" என்றாள் ருக்குமணி. கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிளேடு வைத்தேன். சரஸ்வதி ஒன்றும் சொல்லவில்லை.

14-7
மைதாப் பசை காய்ச்சிப் பக்கங்களின் ஓரத்தை ஒட்டினேன். காலையில் பார்த்தால் புஸ்தகம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. மேலே எறும்பு ஊர்வலம்.

நமக்குத் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவினேன். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து வைஸ் இடுக்கியில் இறுக்கிவிட்டேன். கல் மாதிரி பிடித்துக்கொண்டது. நாற்றம்தான் தாங்கவில்லை. "புஸ்தகம் பஞ்சராயிடுச்சா பலராமா, காத்து அடிக்கணுமா?" என்று பாய் எட்டிப் பார்த்தார். ரகசியம் என்றேன். வாயைப் பொத்திக் காட்டினார். அந்த வாயை நம்பக்கூடாது.

21-7
மத்தியானம் கடைத்தெரு தூங்கும் நேரத்தில் அறுக்கிறேன். ரம்பப் பிளேடைச் சாணையில் தீட்டிக் கத்தியாக்கியிருக்கிறேன். நீள்சதுரம் என்று தொடங்கியது தோசை மாதிரி ஆகிவிட்டது. பக்கம் பக்கமாகச் செங்கோணம் படம் போட்டிருக்கிறான், அதை அறுக்கிற எனக்கு ஒரு செங்கோணம் வரவில்லை. நல்ல வேளை, எனக்குப் பரீட்சை இல்லை.

அறுத்த நடுத்துண்டுகள் வீணாகவில்லை. கிரீஸ் துடைக்க வெகு சுகம்.

1-8
முடிந்தது! சீட் கவர் ரெக்ஸின் போட்டு அட்டை. பள்ளத்துக்குள் சிவப்பு வெல்வெட், பாய் கடைத் துண்டு. வாட்ச் ராஜாவீட்டுப் பெண் மாதிரி படுத்திருக்கிறது. மூடுகிறேன், திறக்கிறேன், மூடுகிறேன். டைனமோ மாட்ட வந்த ஆள் போய்விட்டான்.

3-8, ஆடிப்பெருக்கு
சங்கராபரணி ஆற்றங்கரையில் சித்திரான்னம் சாப்பிட்டு முடித்ததும் மடியிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"புஸ்தகமாப்பா?" — எதிர்பார்த்த அதே சுளிப்பு.

"திற."

திறந்தாள். ருக்குமணி வாயில் கைவைத்தாள். விஜி சிரித்தாள், இரண்டு மாதத்துக்கு அப்புறம். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருக்கக்கூடாதா? வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டவள் பள்ளத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா. இது என் கணக்குப் புஸ்தகமா?"

"ஆமா. உன்னை அழவெச்சதுல்ல, அதான் வயித்தைக் கிழிச்சுட்டேன்."

சிரிக்கவில்லை. "செப்டம்பர்ல எழுதப் போறேன்பா. தனக்கொடியோட அண்ணன் மூலமா பணங்கூட கட்டியாச்சு."

தனக்கொடி இவளோடு படித்தவள், பாஸானவள். "என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா மிட்டாய் குடுத்துடுவீங்க."

ருக்குமணி ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

விஜி மட்டும் என்னையே பார்த்தாள். "எடைக்குப் போடுங்கன்னு கோவத்துலதானே சொன்னேன். நான் இனிமே எழுதவே மாட்டேன்னு நெனச்சுட்டீங்களா?"

"வாட்ச் ஓடுதா பாரு" என்றேன். உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு பதில் சொல்லியிருக்க மாட்டான்.

5-8
பாண்டிச்சேரியில் புஸ்தகக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். பாடம் மாறிவிட்டது, பழையது அச்சடிப்பதில்லை என்கிறார்கள். செப்டம்பருக்கு அந்தப் பழைய பாடம்தான்.

சாயங்காலம் கடைக் குப்பையைக் கொட்டி நடுத்துண்டுகளைத் தேடினோம். வட்டத்துப் பாடம் பாதி கிடைத்தது. "பிதாகரஸ் எங்கப்பா?" என்றாள். அதை வைத்துப் பால்கார மாரிமுத்துவின் சைக்கிள் செயினைத் துடைத்துவிட்டேன் என்று சொல்லவேண்டிவந்தது. முறைத்தாள். அப்புறம் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

7-8
தனக்கொடியின் புஸ்தகம் நெட்டப்பாக்கத்தில் அவள் அத்தை பவுனம்மாள் வீட்டுக்குப் போய்விட்டதாம். மிதித்தேன். சைக்கிள் கடைக்காரன் சைக்கிளே வழியில் பஞ்சர். கையில் சொல்யூஷன் இல்லை, எல்லாம் புஸ்தகத்தில் இருக்கிறது. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பவுனம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்ணு புஸ்தகத்தை அறுத்தாராமே, அவரா நீங்க?"

ஹமீது பாயின் வாய் எனக்கு முன்னாலேயே நெட்டப்பாக்கம் போய்விட்டிருக்கிறது.

"எம் பொண்ணும் அதே செப்டம்பருக்குத்தான் படிக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் குடுப்பேன். வூட்ல பிளேடு கிளேடு இருந்தா ஒளிச்சு வெச்சிடுங்க."

10-8
கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நகல் எடுக்கிறேன். கணக்குகளை விஜி எழுதுகிறாள், படமெல்லாம் நான். காம்பஸ் யாருக்கு வேண்டும்? சின்ன வட்டத்துக்கு வாஷர், பெரிய வட்டத்துக்கு பேரிங் கப், நேர்கோட்டுக்கு ஸ்போக்ஸ். "டீச்சர் போட்டதவிட நல்லா இருக்குப்பா" என்றாள். இன்று மூன்று பேர் காற்றடிக்காமல் திரும்பிப் போனார்கள். போகட்டும்.

12-8
இன்று ஒரு படத்தைப் போட்டுவிட்டு, "இது இன்னாத்துக்கும்மா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். விளக்க ஆரம்பித்தாள். எனக்கு ஏறவில்லை. சுற்றிப் பார்த்தாள். மாட்டியிருந்த சைக்கிள் ஃபிரேமில் விரலை வைத்து, "இந்த மூணு மூலைக் கோணமும் சேர்ந்தா ஒரு நேர்கோடுப்பா. எந்த முக்கோணமா இருந்தாலும்" என்றாள்.

லேடீஸ் சைக்கிள் ஃபிரேமை இறக்கிக் கீழே கிடத்தி, "இதுல முக்கோணமே இல்லியே?" என்று மடக்கினேன். அவள் சாக்பீஸை எடுத்து ஃபிரேமுக்குக் குறுக்கே தரையில் ஒரு கோடு இழுத்தாள். இரண்டு முக்கோணம்! இத்தனை வருஷமாக ஃபிரேமோடு புழங்குகிறேன், எனக்குத் தெரியவில்லையே. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு முக்கோணம், அதுக்கு வாடகை ரெண்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று கவனித்தேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, அவள் தடுமாறுவது குறைகிறது. இனி தினம் ஒரு சந்தேகம் கேட்பதென்று வைத்திருக்கிறேன். சந்தேகத்துக்கு என்னிடம் பஞ்சமே இல்லை.

18-8
புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பவுனம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

23-9
பரீட்சை. கையில் வாட்ச். ஹாலுக்குள் போகுமுன் திரும்பி, "சாவி குடுத்துட்டேன்பா" என்றாள்.

2-12
பேப்பர் வந்தது. நம்பர் இருக்கிறது. ஹமீது பாயைப் பார்க்கச் சொன்னேன், ருக்குமணியைப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறது, இருக்கிறது. மிட்டாய் வாங்க எழுந்தவன், வேண்டாமென்று உட்கார்ந்தேன்.

சாயங்காலம் விஜியே ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாயோடு கடைக்கு வந்தாள். "இப்ப குடுங்கப்பா." கொடுத்தேன். பாய் இரண்டு எடுத்துக்கொண்டு, "இதைத் துப்பவேணாம்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் வாயில் போட்டார்.

அந்த ரெக்ஸின் புஸ்தகம் இப்போது கடையில் பால்ரஸ் வைக்கும் பெட்டி. அதைத் திறந்து மூடிக்கொண்டே விஜி, "அன்னிக்கு ஆத்தங்கரையில, எழுதவே மாட்டேன்னு நெனச்சுட்டீங்களான்னு ஒரு கேள்வி கேட்டேனே. இன்னும் பதிலே சொல்லல" என்றாள். கோபமில்லை. சும்மாதான் கேட்டாள்.

நான் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பேசமுடியாது என்று கையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மிட்டாய் கரைந்து வெகு நேரமாயிற்று.

ஆமாம்மா. நெனச்சுட்டேன்.