நீதிபதியின் மௌனம்

ஹாரோ, லண்டன்
4 மார்ச் 2014

லெஸ்டர் மாநகரின் பட்டத்து ராணி, என் அக்கா சரோஜின் ஒரே வாரிசு ஹேமாலிக்கு,

உன் மாமா நவ்நீத் ராய்சுரா, மருந்துக்கடை மாடியில் உள்ள தன் அரண்மனையிலிருந்து ஆசிகளுடன் எழுதுவது. அரண்மனையில் ஒரே அறைதான். கட்டிலில் படுத்தபடியே தோசைக்கல்லில் தேப்லா ரொட்டி திருப்பலாம்.

பூமி அதிரும் செய்தி ஒன்று. எனக்குக் கதாநாயகன் வேடம் கிடைத்திருக்கிறது. நாற்பது வருடமாகத் திரையில் நான் ஓட்டிய டாக்சிகளை வரிசையாக நிறுத்தினால் ஹாரோவிலிருந்து நான் பிறந்த உகாண்டாவின் கம்பாலா வரை போக்குவரத்து நின்றுவிடும். டாக்டராக வந்து பாதி இங்கிலாந்துக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறேன். டிவியில் மளிகைக்கடை பப்புபாயாகப் பதினோரு வருடம் தலையாட்டியதில் கழுத்து எலும்பு இன்றைக்கும் வழக்குப் போடத் தயாராக இருக்கிறது. இப்போது தேம்ஸ் கரையில் ஒரு நாடக அரங்கில், ஓய்வுபெற்ற நீதிபதி! தலையாட்ட வேண்டாம், நாக்கை மடிக்க வேண்டாம், லெஸ்டரில் பள்ளிக்கூடம் படித்த என் சொந்தக் குரலிலேயே பேசலாமாம். அந்தக் குரலைத் தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

நீ வந்து பார்க்க வேண்டும். வேறு யாரைக் கூப்பிடுவேன்?

ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.
நவ்நீத் மாமா

*

லெஸ்டர்
15 மார்ச் 2014

மாமாவுக்கு,

வேடம் கிடைத்ததில் சந்தோஷம்தான். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

என் கல்யாணம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. மணப்பெண்ணை மாமா கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். பாதி வழியில் மாப்பிள்ளை பரேஷின் நண்பன் ஒருவன், "பப்புபாய், அந்த டயலாக் ஒரு தடவை!" என்றான். நீங்கள் என் கையை விட்டீர்கள். தலையை ஆட்டி, "எடுத்தா காசு, தொட்டாலும் காசு" என்றீர்கள். இன்னொரு தடவை கேட்டார்கள், இன்னொரு தடவை சொன்னீர்கள். மண்டபம் முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தது. மீதி தூரம் நான் தனியாகத்தான் நடந்தேன். அம்மா அதன்பின் உங்கள் பெயரை எடுக்கவில்லை. எடுக்காமலே போய்விட்டாள்.

என் மகள் கியாவுக்கு ஏழு வயது. உங்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நீதிபதி என்ன செய்கிறார்?

ஹேமாலி

*

ஹாரோ
20 மார்ச் 2014

அன்பு ஹேமு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்த நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் வேடிக்கையாகத்தான் சொல்வேன்.

நீ கேட்ட கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். நீதிபதி என்ன செய்கிறார் தெரியுமா? ஒன்றுமே செய்வதில்லை. கடைசிக் காட்சியில் அவர் மகள் கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். கதவு மூடுகிறது. விளக்கு அணையும்வரை நான் பேசாமல் நிற்க வேண்டும். நாடகமே அதில்தான் இருக்கிறதாம். இயக்குநர் ரூத் என்று ஒரு பெண், வயது முப்பது, பார்வையாலேயே பாலைத் திரிய வைப்பாள். ஒத்திகையில் சொல்கிறாள்: "நவ், சும்மா நில்லுங்க. புருவத்தைக்கூட தூக்காதீங்க." என் புருவம் தனியாகச் சந்தா கட்டி நடிகர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறது, அதை எப்படி அடக்குவது? இந்த நாட்டில் என்னை யாருமே சும்மா நிற்கச் சொன்னதில்லை, ஹேமு. நாலு பேர் சிரித்தால்தான் நான் அறையில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியும்.

ஆனால் நிற்பேன். நீ வந்தால் இமயமலை வந்து கற்றுக்கொள்ளும்படி நிற்பேன். மூன்று டிக்கெட் இணைத்திருக்கிறேன்.

ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.
மாமா

*

லெஸ்டர்
2 ஏப்ரல் 2014

மாமாவுக்கு,

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வருகிறோம். பரேஷ் வரமாட்டார். நானும் கியாவும்தான். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வெளியே வரும் பின்வாசலுக்கு அவளைக் கூட்டி வருகிறேன். நீங்கள் யார் என்று அங்கே வைத்துச் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கடலைமாவில் கதியா கொஞ்சம் பொரித்து எடுத்து வருகிறேன். மிளகு அதிகம் போட்டது, உங்களுக்குப் பிடித்த மாதிரி.

ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.
ஹேமாலி

*

ஹாரோ
8 ஏப்ரல் 2014

ஹேமு,

பின்வாசலில் காத்திருந்தேன். மேக்கப்கூடக் கலைக்கவில்லை. கையெழுத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள், நீங்கள் மட்டும் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதோ?

நடந்ததை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவு மூடியது, நின்றேன். மாடி வரிசையில் எவனோ மெதுவாக, "எடுத்தா காசு..." என்று இழுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் அமைதி. அது எப்படிப்பட்ட அமைதி என்று உனக்குத் தெரியாது. அரங்கம் மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, என்னிடம் ஒன்றுமில்லை. ஆயிரம் வருடம் நின்றேன். பிறகு தலை தானாக ஆடிவிட்டது. "தொட்டாலும் காசு" என்று முடித்து வைத்தேன். அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு தேம்ஸைத் தாண்டிப் பாராளுமன்றத்தின் மேல் விழுந்தது!

தயாரிப்பாளர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "தினமும் இதையே பண்ணுங்க, நவ்" என்கிறார். ஜூன் வரை அரங்கம் நிறைந்துவிட்டது. ரூத் நாடகத்தை விட்டு விலகிவிட்டாள். போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆக, இனி தினமும் நீதிபதி கடைசியில் தலையாட்டுவார். மாமாவின் வெற்றி!

நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்? விளக்கு கண்ணில் அடித்ததால் தேட முடியவில்லை. ஒரு வரி எழுது.

மாமா

*

லெஸ்டர்
19 ஏப்ரல் 2014

மாமாவுக்கு,

ரயிலுக்கு நேரம் இருந்தது.

மூன்றாவது வரிசையில் இருந்தோம். அந்தப் பெண் கதவை மூடிக்கொண்டு போனதும் நீங்கள் நின்றீர்களே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மூச்சு வரவில்லை. அம்மா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி ஒருவர் உங்களுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. அவரைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பப்புபாய் மட்டும்தான் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

கோபத்தில் எழுதவில்லை. எழுதுவது இதுதான் கடைசி.

கியா விழுந்து விழுந்து சிரித்தாள். லெஸ்டர் வரும்வரை ரயிலில் தலையை ஆட்டி ஆட்டி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பெட்டியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு கதியாவைத் தின்றுகொண்டே, "மம்மி, அந்தத் தாத்தா நமக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"டிவியில வருவார்" என்றேன்.

ஹேமாலி