உன் பெயரில் திறந்திருந்த கணினி

வெள்ளிக்கிழமை காலை உன் மடிக்கணினியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே நீ நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசம் லேசாக வந்தது. திரை விழித்து, உன் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் வைத்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்ததும் தோட்டத்து மண்ணில் இறக்கியதும் ஊருக்கே தெரியும். இந்தப் பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் அதைத் தொடாமல்தான் இருந்தேன். நாம் சேர்ந்து செய்த இணையதளம் ஓடுகிற ஃபிரேம்வொர்க்குக்கு, அந்த அடிப்படை மென்பொருளுக்கு, புதிய பதிப்பு வந்துவிட்டது. குக்கிகளைக் கையாளும் விதத்தை அதில் மாற்றியிருக்கிறார்கள், நம்முடைய அமைப்புக் கோப்பையும் திருத்தியாக வேண்டும். அந்த வேலையெல்லாம் உன் மேசையில் நடந்தது என்பதால் வேறு வழியில்லை. இதுவரை செய்த மாற்றங்களின் பட்டியலை இறக்கிக்கொண்டே போனேன். எதைப் பார்க்கப் பயந்தேனோ அது அங்கேயே இருந்தது. அறுநூறு என்றிருந்த எண், இருபத்தைந்து லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று மாறிய ஒரே ஒரு வரி. மாற்றியவர் என்ற இடத்தில் உன் பெயர்.

மாற்றியது நீ இல்லை, நான். இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த மழைக்கால மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். அப்புத்தளையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, நம் இரண்டு அறை அலுவலகத்துக்குப் பெண்கள் சங்கத்து அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் பெண்களுக்கு நடக்கிற அக்கிரமத்தை வெளியே சொல்ல முடியவில்லை, சங்கத்துக்கு வந்தால் வந்தவள் யார் என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கத் தெரிந்துவிடுகிறது, போனிலேயே இரகசியமாக எழுதி அனுப்ப ஒரு வழி செய்து தாருங்கள் என்றார். நான் அப்போதே முகப்புக்கு என்ன நிறம் வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். நீ ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"சரிங்கக்கா, அந்த போன் பகல்ல யாரு கையில இருக்கும்?"

நான் சிரித்தேன். நீயும் நானும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்து லயம். கொழுந்தெடுக்க மலையேறும் பெண்கள் மழைக்குப் பயந்து போனைப் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம், ஒப்படைத்துவிட்டுப் போவது எனக்கும் தெரியும். சாயங்காலம் பிள்ளையையும் போனையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள். அழுகிற பிள்ளைக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட யார் போன் என்றாலும் எடுப்பார்கள் என்பதால், அங்கே வைக்கிற போனுக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. பூட்டினால், "அப்பிடி என்னா இருக்கு உள்ள?" என்று கேட்பார்கள். என் அம்மாவின் போனும் அங்கே ஓர் அலமாரியில்தான் கிடந்தது. அப்படியிருந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

குக்கி என்றால் என்ன என்று அக்கா கேட்டபோது நீ சொன்ன விளக்கத்தை இன்று வரைக்கும் நான்தான் எல்லோரிடமும் என்னுடையதுபோல் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

"டிஸ்பென்சரியில துண்டு எழுதிக் குடுப்பாங்கல்ல அக்கா? அடுத்த தடவ அத நீட்டுனா போதும், பேரு கேக்க மாட்டாங்க. நம்ம சைட்டும் ஒரு துண்ட போனுக்குள்ள வச்சிரும். அது இருக்கிற வரைக்கும் நீங்க யாருன்னு திரும்பக் கேக்காது."

"நல்லதுதானே?"

"யாரு நீட்டுனாலும் கேக்காதுக்கா. அதான் பயம்."

ஆகவே துண்டின் ஆயுள் பத்து நிமிடம், அறுநூறு வினாடி என்று வைத்தாய். உலாவியை மூடினால் அழிந்துபோகும்படி செய்துவிட்டால் போதாதா என்று நான் குறுக்கே கேட்டேன். "போன்ல அத யாரு புள்ள மூடுறா?" என்று திருப்பிக் கேட்டாய். எனக்கு அன்று கொஞ்சம் எரிச்சல்தான். நீ சொல்வது சரியாக இருக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், அதுவும் உனக்குத் தெரியும்.

தளம் ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதம் நீ சித்தி மகள் கல்யாணத்துக்காக பசறைக்குப் போனாய். என் கணினி திரை செத்துப்போய்ப் பழுதுபார்க்கப் போயிருந்தது, நான் உன்னுடையதில் உட்கார்ந்திருந்தேன். அக்கா போனில் பிடித்து ஏசினார். "என்னா செஞ்சி வச்சிருக்கீங்க? ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அர மணி நேரம் எழுதுதுங்க. அனுப்புன்னு அமத்துனா நீ யாருன்னு கேட்டு எல்லாத்தையும் முழுங்கிருது. ஒருத்தி அழுதுட்டா!" அவர் சொன்னது உண்மை. பத்து நிமிடத்தில் துண்டு காலாவதியாகி, எழுதியது அத்தனையும் போய்க்கொண்டிருந்தது.

நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? கடைசியாக விரல் பட்ட நேரத்திலிருந்து பத்து நிமிடம் என்று எண்ண வைத்திருக்கலாம். எழுதுகிறவள் எழுதிக்கொண்டேயிருப்பாள், கீழே வைத்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு மணி நேர வேலை. எனக்குப் பசி. அறுநூறை அழித்து முப்பது நாளுக்கான வினாடிகளைப் போட்டேன், ஏற்றினேன், சாப்பிடப் போனேன். நீ வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நீ கல்யாணப் பலகாரத்தோடு வந்தாய், பெண் அழுத கதை, மாப்பிள்ளை முழித்த கதை எல்லாம் சொன்னாய். நான் முறுக்கைத் தின்றுவிட்டு மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து செல்வியின் கதை வந்தது. நம் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பையை இறக்குகிற சாக்கில் கங்காணி மேலே கை போடுகிறான் என்று எழுதியிருந்தாள். அதை எழுதுவதற்கு அவளுக்கு எத்தனை நாள் பிடித்ததோ. மறுநாள் வழக்கம்போல் போனைப் பிள்ளைக்காம்பராவில் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். கங்காணியின் மச்சினிச்சி பிள்ளையை விட வந்தவள், அழுத பிள்ளைக்குப் பாட்டுப் போட அந்தப் போனை எடுத்தாள். உலாவி திறந்தது. நம் தளம் யாரென்று கேட்கவில்லை. "வணக்கம், செல்வி" என்று சொல்லி, கீழே அவள் எழுதியது முழுவதையும் காட்டியது. அந்த முகப்பு நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டில் எல்லோர் வாயிலும் அதுதான். பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் அவள் வந்ததும் ஒதுங்கினார்களாம். எழுதியது பொய் என்று சொல்லிவிடச் சொல்லிப் புருஷனே நெருக்கினான். அவள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு பெரகலையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஸ்லந்தைப் பக்கம் சங்கத்து அலுவலகத்தில் மற்றப் பெண்கள் முன்னால் நம் இருவரையும் உட்கார வைத்து, மாற்றங்களின் பட்டியலை அச்செடுத்து மேசையில் போட்டார் அக்கா. எண் இருந்தது, தேதி இருந்தது, உன் பெயர் இருந்தது. நீ தேதியைப் பார்த்தாய். அன்றைக்கு நீ பசறையில் மணவறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க தப்புங்கக்கா. இன்னைக்கே சரி பண்ணிருவோம்" என்றாய்.

வாய் திறக்க எனக்கு என்ன கேடு? இப்போது நினைத்தாலும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று அந்த அறையில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்ற பயம். என்னைப் பார்க்க வேண்டிய பார்வையை எல்லோரும் உன்மேல் வைத்தார்கள். அன்றிலிருந்து அக்கா வேலை விஷயம் எதுவானாலும் என்னிடம்தான் பேசினார். "நீ பாத்துச் செய்யி புள்ள, அவகிட்ட விடாத" என்று ஒருமுறை போனில் சொன்னபோது நீ எதிர் மேசையில்தான் இருந்தாய். நான் "சரிங்கக்கா" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஏசவில்லை. "பசிக்குது புள்ள. பெரகலயில எறங்கி ரொட்டி சாப்பிடுவமா?" என்றாய். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வெகுநேரம் சாப்பிட்டாய். எனக்கு இடம் கொடுத்தாய் என்று இப்போது புரிகிறது. நான் பனி இறங்குகிறது, அடுத்த பஸ் பிந்தும் என்று ஏதேதோ பேசினேன். அன்று சாயங்காலமே எண்ணை அறுநூறாக்கினாய், விரல் பட்ட நேரத்திலிருந்து எண்ண வைத்தாய். தளத்தின் இரகசியச் சாவியையும் மாற்றி, எந்தெந்தப் போனிலோ கிடந்த பழைய துண்டுகள் ஒன்றும் செல்லாதபடி ஆக்கினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம் உன் காய்ச்சல். மூன்றாம் நாள் வார்டில் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உதடு வெடித்திருந்தது. "என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா புள்ள?" என்று கேட்டாய். "சீக்கிரம் எந்திரிச்சி வா, வேல குமிஞ்சி கெடக்கு" என்றேன். நீ சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். இரண்டாவது முறையும் நீதான் இடம் கொடுத்தாய், நான்தான் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த வரியைப் பார்த்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரகலைக்குப் போனேன். சந்தியில் ஒரு பேக்கரியில் செல்வி வேலை செய்கிறாள். நான் யார் என்று சொன்னதும் பாணை வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"ஒங்க கூட்டாளி வந்தாங்க. அப்பவே. தனியா" என்றாள்.

எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லையே.

"அந்தா, அந்தப் பெஞ்சியில ஒக்காந்து அழுதாங்க. எங்க தப்புன்னாங்க. யாரு செஞ்சதுன்னு கேட்டேன். எங்க தப்புன்னே சொன்னாங்க."

"நான்தான் செஞ்சேன்" என்றேன். எண்ணை மாற்றியது, பசி, முறுக்கு, தேத்தண்ணிக் கோப்பை, நீ போய்விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். யாரோ வந்து மீன் அடைத்த மாலுபாண் கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எனக்கு இத இப்ப சொல்லி என்னா ஆகப்போகுது?" என்றாள். கோபம்கூட இல்லை. "அந்தப் பொண்ணு இருக்கப்ப சொல்லியிருக்கலாம்ல? அதுக்காவது பாரம் கொறஞ்சிருக்கும்." பிறகு தாழ்ந்த குரலில், "அந்த ஆளு இன்னும் நிறுவையிலதான் நிக்கிறானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இனி அதுல எழுத மாட்டேன். என்னைய எழுதச் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அவளாகவே ஒரு பொட்டலத்தில் இரண்டு பனிஸ் சுற்றிக் கையில் கொடுத்தாள், காசு வாங்க மறுத்துவிட்டாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தின்ன முடியவில்லை.

இப்போது உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். புதிய பதிப்புக்கான திருத்தம் முடிந்துவிட்டது. நீ வைத்த அறுநூறு அறுநூறாகவே இருக்கிறது. யாராவது வேலை கொண்டுவந்தால், பகலில் அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் குரல்தான் வருகிறது.

திருத்தத்தோடு சேர்த்து ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன். அன்றைய தேதி, அன்றைய எண், அதைச் செய்தவள் நான், உன் கணினியில் உன் பெயரில் செய்தேன், நீ அன்று பசறையில் இருந்தாய். ஏற்றினால் அக்காவுக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் போய்ச்சேரும். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன் ஒன்று செய்தாக வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இதுவும் உன் பெயரில்தான் போய் விழும்.

வெளியேறு என்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. இனி இந்தப் பெட்டி உன்னைக் கூப்பிடாது என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. எட்டு மாதமாக உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். அழுதேன், மறைப்பானேன். பிறகு ஆம் என்று அழுத்தினேன்.

உன் பெயர் போய்விட்டது. திரையில் வெறும் கட்டம் ஒன்று வந்து, யார் என்று கேட்டது. என் பெயரை அடித்தேன்.