கடலுக்கடியில் பேச முடியாது

பிப்ரவரி 5, ஞாயிறு

பெட்டி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. புத்தாண்டு பிறந்ததும் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினால் அந்த வருடம் பயணம் வாய்க்கும் என்று பொகோட்டா முழுக்க நம்புகிறது. இருபத்தேழு வருடமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் நானும் ஓடினேன். நோஹோரா பெட்டியைக் கையில் திணித்துவிட்டாள், மனைவியோடு நடுத்தெருவில் வாதாட முடியுமா? ரொட்டிக்கடை முனையில் எதிர்த்திசையிலிருந்து என் தம்பி எவாரிஸ்தோ வந்தான். அவன் பெட்டிக்குச் சக்கரம் உண்டு. நான் சுவரைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். நாங்கள் பேசிப் பதினோரு வருடம்.

பயணம் முடிவாகும்வரை பெட்டியை உள்ளே வைக்க மாட்டேன் என்றாள் நோஹோரா. இன்று அதில் கால் இடித்துக்கொண்டேன். பயணம் முடிவாகிவிட்டது. சான் ஆந்த்ரேஸ் தீவு. ஜூனில் நற்கருணைத் திருநாள் விடுமுறை திங்களன்று வருகிறது. சனி, ஞாயிறு, திங்கள்.

விடுதியின் விளம்பரத்தாளில் ஒரு படம். என் வயதுக்காரர், என்னைவிட வழுக்கை, கடலின் அடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் துணையோடு எட்டு மீட்டர் இறங்கலாமாம். அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தேன்.

எனக்கு வேண்டியது அதுபோல் ஒரே ஒரு படம். அதை நோஹோரா எவாரிஸ்தோவுக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருடம் முன்பு வெயிலூரான ஹிரார்தோட்டின் மனமகிழ் மன்றத்தில், குடும்பங்களும் வந்திருந்த எங்கள் பள்ளி முதல்வரின் பிரிவு விருந்தில், அடுத்த முதல்வராக வேண்டிய என்னைச் சாம்பல் நிறக் கோட்டோடும் சட்டைப்பையில் இருந்த உரையோடும் நீச்சல் குளத்தில் தள்ளியவன் அவன். தள்ளிவிட்டுத் தானும் குதித்தான். எழுந்து நின்று, "வெயிலா இருந்துச்சு, அண்ணனக் குளிப்பாட்டுனேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பதவி வேதியியல் ஆசிரியர் பெர்மூதேஸுக்குப் போயிற்று. அவரோடும் பேசுவதில்லை.

பிப்ரவரி 8

பயணத்திட்டம் எழுதி முடித்தேன். பதினான்கு பக்கம். இணைப்புகள் தனி.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஒரு சின்ன விஷயத்தைத் திட்டத்தில் எழுதவில்லை. எனக்கு முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க வராது. கோட்டு நனைந்த அந்த நாளிலிருந்து முகம் கழுவுவதுகூடத் துண்டை நனைத்துத்தான்.

ஆகவே நகராட்சி நீச்சல் குளம். ரப்பர் தொப்பி கட்டாயம். என்னிடம் இல்லாததால் நோஹோராவின் தொப்பி, மஞ்சள் பூப் போட்டது. செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குளம் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யும் பெண்களுடையது. பன்னிரண்டு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பயிற்சியாளர் மார்லேனிக்குக் கழுத்தில் ஊதல்.

"வாத்தியாரே, மூஞ்சிய உள்ள வைங்க."

"வைத்தேன்."

"அது தாடை."

பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். இது நான் கேட்காத உதவி. மூச்சடக்கிய நேரம்: நான்கு விநாடி.

மார்ச் 7

வீட்டிலும் பயிற்சி. பின்கட்டில் துணி துவைக்கும் தொட்டி இருக்கிறது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை இறக்கினேன். ஒன்பது விநாடி. கண் தீயாய் எரிந்தது.

"காலரு அழுக்குப் போகணும்னு சோடாக்காரம் போட்டு ஊற வெச்சிருந்தேன்" என்றாள் நோஹோரா. "உங்க மூஞ்சிக்கும் நல்லதுதான்."

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நோட்டரியின் தலை. நலம் விசாரித்தார். பதில் சொல்லவில்லை. 2016இல் அவர் வெட்டிய மரம்தான் என் வீட்டுக்கு நிழல் தந்தது.

மார்ச் 19

மருத்துவப் படிவம். முப்பத்திநான்கு கேள்வி. 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில் இணைத்தாள் மூன்று பக்கம் வைத்தேன். டாக்டர் பொறுமையாகப் படித்தார்.

"காதும் நுரையீரலும் நல்லாருக்கு. இந்த பெர்மூதேஸ் யாரு? இவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"

கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மூன்று பக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஏப்ரல் 15

மாலையில் நோஹோரா குடிப்பதற்குச் சூடான சாக்லேட் கடைந்துகொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"தண்ணிக்குள்ள ரெண்டு ரெண்டு பேராத்தான் எறங்கணுமாம். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணுமாம். எனக்குத்தான் காதுல சவ்வு கிழிஞ்சிருக்கே, எறங்கக் கூடாது."

"அப்ப எனக்கு ஜோடி யாரு?"

"எவாரிஸ்தோ."

"எந்த எவாரிஸ்தோ?"

"உங்க அம்மா எத்தன எவாரிஸ்தோவப் பெத்தாங்க?"

நோஹோராவும் எவாரிஸ்தோவின் மனைவி யானெத்தும் ஜனவரியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான்கு டிக்கெட். அதே விடுதி. அடுத்தடுத்த அறை. பதினான்கு பக்கத் திட்டத்தை எனக்குத் தெரியாமல் அவனுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவன் படித்தானா? என்ன சொன்னான்? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

பாலாடைக்கட்டியை, வழக்கத்துக்கு மாறாக, சாக்லேட்டில் முக்காமலே தின்றேன்.

ஏப்ரல் 16

நான் போகவில்லை.

ஏப்ரல் 17

நான் போகவில்லை.

ஏப்ரல் 20

"சரி, நாங்க மூணு பேரும் போயிட்டு வர்றோம். தொட்டியில தண்ணி மாத்தி வெச்சிட்டுப் போறேன், மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருங்க" என்கிறாள். இப்படியா ஒரு மனைவி பேசுவாள்? சிரிப்பை வேறு அடக்குகிறாள்.

ஏப்ரல் 24

குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. கடலுக்கடியில் பேச முடியாது. வாயில் குழாய். அவன் விரும்பினாலும் பேச முடியாது, நான் விரும்பாவிட்டாலும் பேசத் தேவையில்லை. பேசாதவர்கள் சேர்ந்து போக உலகத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதோடு, படத்தை அனுப்ப வேண்டியதில்லை, நேரிலேயே பார்த்துக்கொள்வான்.

போகிறேன். திட்டம் பதினேழு பக்கம் ஆயிற்று. விமானத்தில் அவனுக்கு ஆறாவது வரிசை, எனக்கு இருபத்தொன்று.

மே 23, செவ்வாய்

பதினொரு விநாடி. மார்லேனி ஊதலை ஊதினாள். குளத்துப் பெண்களில் ஒருவர் ரொட்டி கொண்டுவந்திருந்தார். எனக்கென்று தனியாக ஒன்று. ஏன் இப்படி அன்பு காட்டுகிறார்கள்? ஏதோ எதிர்பார்க்கிறார்கள்.

கை சைகைகளை மனப்பாடம் செய்தேன். கட்டைவிரலை உயர்த்தினால் நன்று என்று பொருளில்லை, மேலே போவோம் என்று பொருள். கழுத்தில் வெட்டுவதுபோல் காட்டினால் காற்று தீர்ந்தது.

ஜூன் 10, சனி, சான் ஆந்த்ரேஸ்

வந்து சேர்ந்தோம். வியர்வை. காலணிக்குள் மணல்.

சாப்பாட்டு மேசையில் ஒரு விபரீதம். எவாரிஸ்தோவும் சைகைத்தாளை மனப்பாடம் செய்திருக்கிறான். நண்டு அப்பத்தைக் காட்டி விரலை வட்டமாக்கினான்: நன்று. காப்பிக் கூஜாவைக் கவிழ்த்துப் பார்த்துக் கழுத்தை வெட்டிக் காட்டினேன்: தீர்ந்தது. தலையசைத்துப் போய் நிரப்பிக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"ரெண்டு ஊமக் கொரங்கு" என்றாள் யானெத்.

அவனுக்கு முன்னைவிடத் தொப்பை. ஆனால் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. பெருமிதம் வயிற்றை அடைத்திருக்கும்.

ஜூன் 11, ஞாயிறு

திட்டப்படி ஓய்வு. கடல்மட்டத்துக்கு உடம்பைப் பழக்கும் நாள். தேங்காய்ப்பால் மீன் குழம்பு இரண்டு தட்டு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இறங்குகிறோம். பன்னிரண்டுக்குக் குளியல், இரண்டு மணிக்கு விமானம். எல்லாம் கச்சிதம்.

பயம் இல்லை.

பயம்தான். வேறு யாரிடம் சொல்வது, இங்கேதானே சொல்ல வேண்டும். எட்டு மீட்டர். நான் அழுத்தத்தைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

ஜூன் 12, திங்கள்

விமானத்தில் எழுதுகிறேன்.

முக்குளிப்புக் கடை நடத்துவது மிஸ் வெல்மா, தீவுக்காரர், கனத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. என் படிவம், மருத்துவர் கையெழுத்து, பதினேழு பக்கம் எல்லாவற்றையும் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன, ரெண்டு மணி?"

"விமானம்."

"இன்னிக்கா? முக்குளிச்சா பதினெட்டு மணி நேரம் பறக்கக் கூடாது. ரத்தத்துல காத்து பொங்கும், சோடா பாட்டில் மாதிரி. சரி, எறங்குற ஊரு எங்க?"

"பொகோட்டா."

"அது எவ்வளவு ஒசரம்?"

நோஹோரா என்னைப் பார்த்தாள். யானெத் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த பஞ்சடைத்த மீன்கூடப் பார்த்த மாதிரி இருந்தது.

"இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர்" என்றேன்.

"என்ன வேல பாக்கறீங்க?"

"பூகோள ஆசிரியர்."

மிஸ் வெல்மா கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து ஞாயித்துக்கெழம பூரா என்ன பண்ணீங்க?"

"கடல்மட்டத்துக்குப் பழகினோம்."

இந்த நிமிடத்துக்காகத்தான் பதினோரு வருடம் பயந்திருக்கிறேன் போலும். எவாரிஸ்தோ சிரிக்கப் போகிறான். கடை முழுக்கச் சிரிக்கப் போகிறது. ஊர்வரைக்கும் தெரியப் போகிறது. மேகத்தில் வாழ்கிறோம் என்பதை மறந்த பூகோள வாத்தியார்.

எவாரிஸ்தோ பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். முகத்தில் வியர்வை. "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றான். பிறகு என்னைப் பார்த்து: "அண்ணே, நீ நல்லா இருப்ப."

பதினோரு வருடத்தில் முதல் வாக்கியம்.

"எனக்கு நீச்சலே தெரியாது" என்றான். "ரெண்டு நாளா சோறு எறங்கல. யானெத்து வாக்குக் கொடுத்துட்டா. நீ இவ்வளவு பெரிய திட்டம் போட்டிருந்த, வேணாம்னு எப்பிடிச் சொல்றது."

"உனக்கு நீச்சல் தெரியாதா? ஹிரார்தோட்டில் குதித்தாயே."

"நான் எங்கண்ணே குதிச்சேன். டைல்ஸ் ஈரம். வழுக்கிருச்சு. கைக்குக் கெடச்சது ஒன் காலருதான், புடிச்சேன். எந்திரிச்சா இடுப்பு வரைக்கும்தான் தண்ணி. மொதல்வரு நிக்கிறாரு, எல்லாரும் பாக்குறாங்க. வழுக்கிருச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, வாயில வந்தத சொல்லிட்டேன்."

"பதினோரு வருடம்."

"நீ கேக்கவே இல்லியே."

கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தள்ளியவன்மேல் இருந்த கோபத்தை வழுக்கியவன்மேல் வைக்க முடியுமா? வைக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அளவு சரியாகப் பொருந்தவில்லை.

மிஸ் வெல்மா கண்ணையும் மூக்கையும் மூடும் இரண்டு கண்ணாடி முகமூடியும் இரண்டு மூச்சுக் குழாயும் எடுத்து நீட்டினார். "இடுப்பளவு தண்ணியில மூஞ்சிய வெச்சா எந்த விமானமும் கோவிச்சுக்காது. போங்க ரெண்டு பேரும்."

போனோம். இடுப்பளவு. அவன் என் கையைப் பிடித்தான், வாயில் குழாய் இருந்ததால் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. முகத்தை வைத்தேன். மஞ்சள் கோடு போட்ட மீன் ஒன்று என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதுவரை யாரும் என் முழங்காலை அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை. எவாரிஸ்தோ திடீரென்று கட்டைவிரலை உயர்த்தினான். மேலே போவோம். அவசரம் என்று எழுந்தேன்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே, நல்லாருக்குன்னு சொன்னேன்."

சைகைத்தாளை அவன் சரியாகப் படிக்கவில்லை.

நோஹோரா கரையிலிருந்து படம் எடுத்தாள். இரண்டு வெள்ளை முதுகு, இரண்டு குழாய், என் மஞ்சள் பூத்தொப்பி. கைகட்டிய கம்பீரம் எதுவும் இல்லை. விமானம் ஏறியதும் ஆறாவது வரிசையிலிருந்து எவாரிஸ்தோ எழுந்து இருபத்தொன்றுக்கு வந்துவிட்டான். இப்போது பக்கத்தில்தான் இருக்கிறான். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறான்.

ஜூன் 14

பெட்டியை உள்ளே வைத்தாயிற்று.

ஜூலை 18, செவ்வாய்

நீச்சல் குளம். எவாரிஸ்தோவும் சேர்ந்திருக்கிறான், பச்சைத் தொப்பி. பன்னிரண்டு பெண்களுக்கும் அவனை மிகவும் பிடித்துவிட்டது. ரொட்டி இப்போது அவனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. இதைக் குறித்துக்கொள்கிறேன்.

பேசுகிறான். பதினோரு வருடத்துப் பேச்சு முழுவதும் சேர்த்து வைத்திருந்தான் போலும். மாமனாரின் மூட்டுவலி, யானெத் தையல் இயந்திரம் வாங்கிய கதை, 2019இல் அவன் பல் பிடுங்கியது, பெர்மூதேஸ் ஓய்வுபெறுகிறாராம். ஓயவே மாட்டேன் என்கிறான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால்தான் நிம்மதி.

ஐம்பத்திரண்டு விநாடி.