நிற்காமல் ஓடிய எஞ்சின்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
27 ஓகஸ்ட் 2023

அன்புத் தம்பி சயூரனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். போனில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நீ இடையில் வெட்ட முடியாது பார்.

நேற்று சிவப்பிக்கு உயிர் வந்துவிட்டது! நீ ட்ரொம்சோவுக்குப் போகும்போது கராஜில் துண்டு துண்டாகக் கிடந்த அதே புல்வெட்டுகிற குட்டி ட்ரக்டர்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊறவைத்து, துவாரங்களை ஊதி, மிதவையை மாற்றிப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். இருமினாள், வெள்ளைப் புகை கக்கினாள், பிறகு தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடினாள். என்னைவிடப் பத்து வயதுதான் இளையவள், ஆனால் என்னைவிட நல்ல மூச்சு.

நீ செய்துவிட்டுப் போன வயர் வேலையில் நான் கை வைக்கவில்லை. ஒரு பச்சை வயரை மட்டும் மாற்றினேன். அது மண்ணிறமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை கவனம்.

அத்தானுக்கும் ஓட்ட ஆசை. ஆனால் பின்னுக்கு எடுக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன் என்று ஒரு பக்கம் சரிந்துவிடுகிறார். மெலிந்த மனிதர், உடம்பு கொஞ்சம் எழும்பினாலும் இருக்கைக்குக் கீழே உள்ள சுவிச் எஞ்சினை நிற்பாட்டிவிடுகிறது. "நேரா இருந்து ஓட்டுங்கோ" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது.

வருகிற டுக்னாட்டில், அதுதான் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்யும் நாளில், பின்பக்கச் சரிவுப் புல்லைச் சிவப்பிதான் வெட்டப் போகிறாள். நீயும் நின்றிருக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

அன்புடன்,
அக்கா ஞானமலர்


ட்ரொம்சோ
5 செப்டெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

சிவப்பி ஓடுகிறாள் என்று வாசித்ததும் இங்கே படகுத்துறையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "உன்ர அக்காவோ செய்தவ?" என்று கேட்டார்கள். படம் காட்டினேன்.

பச்சை வயர் விஷயம் சரி அக்கா. கடையில் மண்ணிறம் முடிந்திருந்தது.

டுக்னாட்டுக்கு வர லீவு இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

தம்பி,
சயூரன்


ஒஸ்லோ
18 செப்டெம்பர் 2023

தம்பி,

அத்தானுக்கு வலது பாதத்தின் முன்பாதி போய்விட்டது. இப்போது எழுதிவிட்டேன். வாயால் இன்னும் ஒருவருக்கும் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை டுக்னாட். முதல் நாள் மழை பெய்திருந்தது. நான் மேலே இலை கூட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் சிவப்பியில் சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வந்தார். ஈரப் புல்லில் சில்லு வழுக்கியது. அவர் இருக்கையிலிருந்து கீழ்ப்பக்கம் விழுந்தார். நான் பயப்படவில்லை, தம்பி. உனக்கு இது விளங்குமா? ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்கும், கத்தியும் நிற்கும். எனக்குத் தெரிந்த மெஷின். அதனால் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். நிற்கும், இப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது நிற்கவில்லை. ஆளில்லாமல் திரும்பி, அவருடைய காலுக்கு மேலே போனது.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பியது நான்தான். எதிர்வீட்டு நோர்வேக்காரப் பெண் தன் சால்வையைக் கழற்றிக் காலை இறுக்கிக் கட்டினா. அத்தான் கத்தக்கூட இல்லை. "சப்பாத்து எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காலால்தானே அவர் பஸ்ஸில் பிரேக் மிதிக்கிறவர்.

ஏன் நிற்கவில்லை? எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் நிற்கவில்லை?

அக்கா


ட்ரொம்சோ
21 செப்டெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

கடிதத்தை வாசித்துவிட்டு வேலை உடுப்போடு துறையிலேயே இருந்துவிட்டேன். போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அத்தான் அந்தப் பஸ்ஸை எவ்வளவு விருப்பத்தோடு ஓட்டுகிறவர்.

லீவு கேட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் அக்கா, சிவப்பியை இப்போதைக்கு ஒருவரும் தொட வேண்டாம். நான் வந்து வயரைப் பார்க்கிறேன்.

சயூரன்


ஒஸ்லோ
29 செப்டெம்பர் 2023

சயூரனுக்கு,

ஒருவரும் தொட வேண்டாம் என்று நீ ஏன் எழுதினாய் என்பது இன்றைக்கு விளங்கியது.

நான் இருக்கையைக் கழற்றினேன். சுவிச்சுக்குப் போகிற இரண்டு வயரையும் அறுத்து, சுவிச்சை விலத்திவிட்டு, ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறது. இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சினுக்கு ஒன்றுதான்.

வயர் வேலை செய்தது நீ. வேறு யாருக்கு அது தெரியும்? சுவிச் பழுதென்றால் எனக்குச் சொல்லியிருக்கலாம். உனக்கு எதையும் ஒழுங்காக முடிக்கப் பொறுமை இல்லை. படிப்பிலும் இல்லை, கல்யாணத்திலும் இல்லை, ஒரு வயரில்கூட இல்லை. உன் சோம்பலுக்கு அவருடைய கால் போய்விட்டது.

நான் அந்தச் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், சயூரன். உன்னை நம்பித்தான் நின்றேன்.

லீவு எடுக்காதே. இந்த வீட்டுப் படி மிதிக்காதே. எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை.

ஞானமலர்


ட்ரொம்சோ
4 ஒக்டோபர் 2023

அக்கா,

அந்த இணைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கோ. ஈயம் வைத்து ஒட்டி, மேலே குழாய் உறை போட்டிருந்தால் அது நான். வேறு மாதிரி இருந்தால் நான் இல்லை.

சயூரன்


ஒஸ்லோ
11 ஒக்டோபர் 2023

தம்பி,

ஈயம் இல்லை. உறையும் இல்லை. இரண்டு வயரையும் விரலால் முறுக்கி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுற்றியிருக்கிறது. அந்தத் தோல் நிறப் பிளாஸ்டர். நான் முதலே பார்த்தேன். பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை. நீ போன பிறகும் அந்தச் சுவிச் எஞ்சினை நிற்பாட்டியது என்று ஓகஸ்டில் நானே உனக்கு எழுதியிருந்தேன், கோபத்தில் அதையும் மறந்துவிட்டேன். என் வீட்டு முதலுதவிப் பெட்டியில் அதே சுருள் பாதியாக இருக்கிறது.

பிளாஸ்டரை உரித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் சாய்ந்திருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைமேல் வைத்தேன். பத்திரிகையை மடித்து வைத்தார்.

"நான்தான், மலர்" என்றார்.

"ஏன்?"

"ஒவ்வொரு முறையும் நிண்டு நிண்டு போச்சு. நீர் ஒவ்வொரு முறையும் கத்தினீர். மற்றச் சனமும் பார்த்துக்கொண்டு நிண்டது. டுக்னாட் அண்டைக்கு எண்டாலும் நிக்காமல் ஓடவேணும் எண்டு நினைச்சன்."

"நான் தம்பிக்கு என்ன எழுதினன் எண்டு தெரியுமோ?"

"தெரியும். வாசிச்சுக் காட்டினீர்தானே."

ஓம் தம்பி. உனக்கு எழுதிய கடிதத்தை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலிருந்துதான் எழுதினேன். தபாலில் போட முதல் வாசித்தும் காட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலில் நோவாக்கும் என்று நினைத்தேன். நான் உன்னைத் தலைமுழுகுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். காலைப் பார்த்தபோதுகூட நான் இப்படி விறைத்துப்போகவில்லை.

உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. எழுதியது எல்லாம் பொய். நீ உடனே புறப்பட்டு வா. நான் டிக்கெட் போடுகிறேன். வந்து அத்தானிடம் நீயே கேள், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. நீ கேட்டால்தான் அவருக்கு உறைக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் நல்லது.

உன் அக்கா


ட்ரொம்சோ
20 ஒக்டோபர் 2023

அன்புள்ள அக்கா,

டிக்கெட் போட வேண்டாம். நான் வரவில்லை.

உங்களோடு கோபம் இல்லை. நீங்கள் அந்தச் சரிவில் நின்றதை நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் அத்தானிடம் நான் எதையும் கேட்கமாட்டேன். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பயந்திருப்பார் அக்கா. கால் போன மனிதர், உங்களுக்குச் சொல்லப் பயந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நீங்கள் அடிக்கிறவர் இல்லை. கெட்டவரும் இல்லை. எனக்குச் சோறு போட்டுப் படிப்பித்தது நீங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் ஒரு பிழை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. ட்ரொம்சோவில் நல்ல வேலை கிடைத்தது என்று சொல்லி வந்தேன். ஒஸ்லோவிலேயே இதைவிட நல்ல வேலை இருந்தது. இங்கே நான் எந்த நிற வயர் போட்டாலும் ஒருவரும் மாற்றுவதில்லை.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். அத்தானும் சொல்லாமல் இருந்தபடியால்தான் சொல்கிறேன்.

அவரைத் திட்ட வேண்டாம். தயவுசெய்து.

தம்பி,
சயூரன்


ஒஸ்லோ
6 நவம்பர் 2023

அன்புள்ள சயூரன்,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் நடமாடினேன். நான் வேலை செய்யும் பார்னஹாகெயில், அந்தப் பாலர் பள்ளியில், பிள்ளைகளுக்குப் பால் ஊற்றும்போது கோப்பை நிரம்பி வழிவதுகூடத் தெரியவில்லை. என்னைப் பற்றி நான் அப்படி ஒருபோதும் நினைத்ததில்லை. வேலையை விட்டுக்கொடுத்து அவ்வளவு தூரம் போகிற அளவுக்கா, தம்பி? முதலில் பொய் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், உன்னைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு நல்ல சொல்லுக்குப் பின்னாலும் ஒரு "ஆனால்" இருந்திருக்கிறது.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோலோடு குசினிக்குப் போய்த் தானே தேத்தண்ணி போட்டார். தேயிலைச் சாயத்தை நிலமெல்லாம் ஊற்றிவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இத்தனை வருடமும் நான் பார்த்திருக்கிறேன், மரியாதை என்று நினைத்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் அந்தத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். சீனி கூடத்தான். அதையும் சொல்லவில்லை.

உன்னை வா என்று இனிச் சொல்லமாட்டேன். நத்தாருக்கு எனக்கு ஒரு கிழமை லீவு இருக்கிறது. நான் அங்கே வரலாமா? உன் வீட்டில் இடமில்லாவிட்டால் வேறு இடத்தில் நிற்கிறேன். வேண்டாம் என்றாலும் எழுது. பதிலே போடாவிட்டாலும் நான் போன் எடுத்துக் கேட்கமாட்டேன்.

ஞானமலர்