ஏணிமேல் நின்றவள்

மார்ச் 4

என் அருமைப் பக்கத்து மேசைக்காரிக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நம் மருந்துக் கிடங்கில் சூப்பர்வைசர் சிரிப்பண்ணன் ஜோக் சொன்னால் எல்லாருக்கும் சிரிப்பு. அவர் கை மட்டும் என் முதுகில் வந்து உட்காரும். "கையை எடுங்கண்ணே" என்று உன் எதிரிலேயே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். "தங்கச்சிதானே, என்ன இப்ப?" என்பார். திங்கட்கிழமை அலமாரிச் சந்தில் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தார். தள்ளினேன். சிரப் பெட்டிமேல் விழுந்தார். பாட்டில்கள் உடைந்ததுதான் இப்போது குற்றமாம்.

நீ ஏணிமேல் நின்று எல்லாம் பார்த்தாய். இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். உன்னைக் கூப்பிடும்போது பார்த்ததை மட்டும் சொல். அது போதும்.

உன் குருவி

மார்ச் 12

கண்ணு குருவி,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ இல்லாமல் டீ நேரம் சப்பென்று இருக்கிறது.

மேனேஜர் அறையில் சிரிப்பண்ணனும் உட்கார்ந்திருந்தார்டி. "நீங்க பாத்தீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். "மருந்து எடுத்துட்டிருந்தேன் சார், கவனிக்கல" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன்தான். உனக்குத் தெரியாததா?

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். கொஞ்சம் அனுசரித்துப் போயேன். என்மேல் கோபம் இல்லைதானே?

என்றும் உன் மேசைக்காரி

மே 20

மேசைக்காரிக்கு,

மன்னிப்பு எழுதவில்லை. வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். முதல் நாள், கடைக்காரர் பேனா கொடுக்கப் பின்னாலிருந்து வந்தார். நான் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். "என்னம்மா, நான் என்ன பண்ணிட்டேன்?" என்றார். இப்போதெல்லாம் முன்பக்கமாக வந்து, தள்ளி நின்றுதான் பேசுகிறார்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அவன் செய்ததை அம்மாவிடம் சொல்லி அழ முடிந்தது. நீ செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் இன்னும், "அந்தப் பொண்ணு எப்படியிருக்கா? ஒருநாள் சாப்பிட வரச்சொல்லு" என்கிறாள்.

உனக்கு நேரமில்லை என்று சொல்லிவிடுகிறேன். பதில் எழுதாதே.

குருவி