சுருள் ஓரத்தில் ஒரு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்
பல்வலி. மாத்திரை வயிற்றைப் பிடுங்குகிறது. காலையில், நேற்றிரவு தொலைநோக்கி எடுத்த படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டேன். முப்பத்தெட்டாவது படம், ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம். நடுவில் கோல் கிடத்தினாற்போல் ஒளிப்பட்டை. அதன் நுனிக்கொன்றாக இரண்டு கைகள் வளைந்து போகின்றன. இடக்கையின் ஓரத்தில் ஒரு புள்ளி. போன வாரம் இல்லை. தூசியாக இருக்கும். பதினோரு வருடமாக நான் கண்டதெல்லாம் தூசிதான்.

மார்ச் 5
தூசியில்லை. அதே இடம். நேற்றைவிடப் பளிச்சென்று.

மார்ச் 6
பெரிய ஆய்வகம் உறுதி செய்துவிட்டது. சூப்பர்நோவா – வெடித்த விண்மீன். இன்னும் இரண்டு வாரம் பிரகாசம் ஏறும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். எங்கள் ஆய்வக இயக்குநர் தோளில் தட்டினார். "ஒரு நாள்கூட அளக்காம விடக் கூடாது. நடுவுல விட்டா யாரும் மதிக்க மாட்டாங்க."
மனைவி எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஆறு கோடி ஒளியாண்டு என்றேன். "அப்போ எப்பவோ செத்துப்போச்சு. இப்பதான் தகவல் வருது."

மார்ச் 8
மாப்பிள்ளை கேன்டீனில் கையுறையைக் கழற்றிக் காட்டினார். தங்கையின் கணவர்; தொலைநோக்கியை மூடியிருக்கும் டோமின் மெக்கானிக். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கையுறை முழுக்க எஃகு நார் குத்தியிருந்தது. டோம் கதவைத் தூக்கும் கம்பிவடம் பிரிகிறதாம்.
"புது ரோப்பு வியாழக்கிழமைதான் வருது மச்சான். அதுவரைக்கும் மூடி வச்சிருவோம். டைரக்டர்கிட்ட லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன்."
ஐந்து நாளா?
அப்புறம் பேசலாம் என்றேன்.

மார்ச் 9
மேகம். யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிம்மதி.

மார்ச் 10
வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கிறது. இயக்குநர் அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினார். "உங்க மாப்பிள்ளைதானே. நீங்க சொன்னா கேப்பாரு." உத்தரவு என்று ஒன்றும் போடவில்லை. அது ஏன் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் போனேன்.
"மூணு நாள்தான் மாப்ள. மோட்டார் வேண்டாம், கையால மெதுவா ஏத்துங்க."
வடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "நட்சத்திரம் உங்க பேர்ல வந்திருக்கு. இதுக்குக்கூட இழுக்கலைன்னா நான் என்ன மாப்பிள்ளை?"

மார்ச் 11
நேற்றிரவு ஒளியளவு அருமையாகக் கிடைத்தது. காலையில் டோமின் தரையில் எஃகு நார்கள் சிதறிக் கிடந்தன. பொறுக்கிக் குப்பையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஏன் பொறுக்கினேன்?

மார்ச் 12
சாயங்காலம் வடம் அறுந்துவிட்டது. கதவு பாதி ஏறியிருந்தது, அவர் நேர் கீழே. நான் கட்டுப்பாட்டு அறையில். வயர்லெஸ்ஸில் "ஏறுது மச்சான்" என்றார். அப்புறம் அந்தச் சத்தம் – ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். என்ன பண்ணிட்டேன்.

மார்ச் 14
அடக்கம் முடிந்தது. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாருண்ணா." அவளுக்குத் தெரியாது.

மார்ச் 19
புள்ளி இன்று உச்சத்தில். படத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.
விபத்து அறிக்கையை இயக்குநர் என் மேசையில் வைத்தார். மெக்கானிக் யாரையும் கேட்காமல் தானாகத் திறந்தாராம். மாப்பிள்ளை கொடுத்த கடிதம் கோப்பில் இல்லை. அவர் தவறு என்று முடிந்தால் தங்கை குழந்தைகளோடு ஊழியர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். "கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சிரும்," என்றார். பேனாவையும் அவரே திறந்து தந்தார்.

மார்ச் 21
போடவில்லை.
விசாரணை அதிகாரி கேட்டார்: "திறக்கச் சொன்னது யாரு?"
"நான்."
தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், நார் பொறுக்கியதையும் சொன்னேன்.

ஏப்ரல் 2
எனக்கு வேலை நீக்கம். தங்கைக்கு வீடு நிலைத்தது. வீட்டு உத்தரவை மனைவி கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் தெருவில் நின்றேன். திரும்பி வந்தவள் நடந்துகொண்டே சொன்னாள்.
"அண்ணன் சாப்பிட்டாரான்னு கேட்டா. உள்ள மட்டும் கூப்பிட வேண்டாம்னா."