காலரிக்கு வைக்காத பெயர்

அடுகோடி, பெங்களூர்
12.2.1961

ஏகாம்பரம்,

உன் கடிதம் வந்தது. கார்ப்பரேஷன் நம் பேட்டைக்குக் கட்டியிருக்கும் ஃபுட்பால் மைதானத்தைத் திறந்துவைக்க பம்பாயிலிருந்து வரத் தயார் என்று எழுதியிருக்கிறாய். மைதானக் கமிட்டிக்கும் அதே ஆசைதான் இருந்தது. ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கும் காலரிக்கு உன் பெயரை வைப்பதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள்.

நானும் போனேன். உன் அம்மாவையும் கைபிடித்து அழைத்துப்போனேன்.

எல்லோரும் கைதட்டி முடித்ததும் எழுந்து, பதினோரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். மைசூர் டீமுக்கு ஆள் எடுப்பதற்கு முதல் நாள், பிராக்டீஸில், பந்து என்னிடம் இல்லாதபோது நீ என் முழங்காலை மிதித்ததையும், எனக்கு வரவேண்டிய இடத்துக்கு நீ போனதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில், "வெளியே சொல்லிடாதடா" என்று நீ அழுததையும் விடவில்லை.

அம்மாதான் எழுந்தார்கள்.

"இது ஊர் ஜனம் ஆடற கிரவுண்டு. எம் புள்ள பேரு இங்க வாணாம்."

வீடு வரும்வரை அழுதார்கள். நான் ஆறுதல் சொல்லவில்லை.

விழாவுக்கு நீ தாராளமாக வரலாம். அது பொதுச்சொத்து, கேட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். நம் பேட்டை வொர்க்ஷாப் ஆட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் உனக்கு நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பேசத்தான் மாட்டார்கள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத நினைப்பாய். எழுது. படிக்கத் தெரியாத அவர்களுக்கு உன் கடிதங்களை இத்தனை வருஷமும் வாசித்துக் காட்டுவது நான்தான்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே டீமில் ஆடியவன்